தரவைக்குக் குறுக்கே ரோட்டுப் போடப்போகிறீர்களா? முதலில் இந்த அனுமதிகளைப் பாருங்கள்

கிரவல் வந்து இறங்கிய பிறகு அனுமதி தேட வெளிக்கிட்ட ஆட்கள் நாங்கள். 11 டிப்பர் கொட்டியாகிவிட்டது. 12ஆவது வந்து நிற்கும்போது ஜீப்பில் இரண்டு உத்தியோகத்தர்கள் வந்து இறங்கி "பெர்மிட் ஆர் தந்தது?" என்று கேட்டார்கள். சனசமூக நிலையத் தலைவர் என்னைப் பார்த்தார், நான் கொந்தராத்துக்காரரைப் பார்த்தேன், அவர் கடலைப் பார்த்தார். அன்றைக்கு நின்ற வேலை. கொட்டிய கிரவலில் பாதியை அந்த மாரி வெள்ளம் கொண்டுபோனது, மீதியை நாங்களே அள்ளிக் கொடுக்க வேண்டி வந்தது. அனுமதி தேவையில்லை என்று எங்களுக்கு வாயால் சொன்ன கந்தோரும் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் வேண்டாம். வாயால் சொன்னதை நம்பியது எங்கள் பிழை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கச்சேரி, பிரதேச செயலகம், திணைக்களம் என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் கடல்நீரேரி ஓரம், உவர்த்தரவை (மாரியில் தண்ணீர் நிற்கும், கோடையில் காயும் உவர் வெளி), கண்டல் பற்றை என்று எதற்குள்ளால் ரோட்டுப் போட நினைத்தாலும் இது பொருந்தும். ஒரேயொரு அனுமதி என்று ஒன்று இல்லை. நாலைந்து சட்டங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தன் எல்லையைத் தன் பாட்டுக்குக் கீறி வைத்திருக்கிறது, உங்கள் ரோட்டு எந்தெந்தக் கோட்டைத் தொடுகிறதோ அந்தந்த வாசலில் நிற்க வேண்டியதுதான். ஆனால் ரோட்டுக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் சில வாசல்களுக்குப் போகவே தேவையில்லை என்பதையும் அலைந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள் அல்ல

சங்கத்தின் கடிதத்தலைப்பில் எழுதிக்கொண்டு போனால் மரியாதையாக வாங்கிப் பைலில் போடுவார்கள், அவ்வளவுதான். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துடையவை. மற்ற ஊர் ரோட்டுகள், ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை. ரோட்டு யாருடையதாக இருக்கப்போகிறதோ அவர்தான் திட்டத்தின் சொந்தக்காரர், விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவரும் அவரே. ஆகவே முதல் வேலை, பிரதேச சபையில் தீர்மானம் ஒன்று நிறைவேற்றி அதன் பிரதியைக் கையில் எடுப்பது. இரண்டாவது வேலை, ரோட்டு போகும் நிலம் அரச காணியா, தனியார் உறுதிக் காணியா, வன இலாகாவினுடையதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் எழுத்தில் கேட்பது. 'பாட்டன் காலத்து வண்டிப் பாதை' என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தில் அந்தப் பாதை இருந்தால்தான் அந்தக் கதைக்குப் பெறுமதி.

மாரியில் ஒருமுறை நடவுங்கள்

நாங்கள் கோடு பிடித்தது ஆவணியில். தரவை காய்ந்து வெடித்து, மாடு மேய்ந்துகொண்டிருந்தது, எங்கேயும் ரோட்டுப் போடலாம் போல இருந்தது. வேலை நின்ற பிறகு, கார்த்திகையில், சிறகுவலை போடும் பெரியவர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். முழங்கால் தண்ணீர். ஓரிடத்தில் நின்று கையிலிருந்த சுள்ளியைத் தண்ணீரில் போட்டார், அது ஊர்ப்பக்கமிருந்து பரவைக்கடல் பக்கமாக மெதுவாகப் போனது. இருநூறு அடி தள்ளி இன்னொரு சுள்ளி, அது எதிர்ப்பக்கமாக வந்தது.

"தம்பி, வெள்ளம் உதாலதான் இறங்கும், இறால் குஞ்சு இதாலதான் ஏறும். நீங்கள் கிரவல் கொட்டினது ரெண்டுக்கும் நடுவில."

எந்த அறிக்கையிலும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்: தண்ணீர் எங்கே போகிறது, உங்கள் ரோட்டு அதை மறிக்கிறதா? ஆகவே ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் ஒரு தடவையாவது, கடற்றொழிலாளர் சங்கத்தில் யாரையாவது கூட்டிக்கொண்டு, போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு முழுக்க நடவுங்கள். தண்ணீர் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் போட்டோ எடுங்கள், ஆழத்தைக் கம்பால் அளந்து எழுதுங்கள். கண்டல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பூநாரையும் மற்ற வரத்துப் பறவைகளும் எங்கே இறங்குகின்றன, களங்கட்டி (கம்பு நட்டுக் கட்டும் மீன்பிடி அடைப்பு) எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். தொண்டைமானாறு, உப்பாறு நீரேரிகளின் ஓரம் என்றால் இன்னொன்றும் பாருங்கள். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் உள்ள உவர்நீர்த் தடுப்பணைகளின் கதவு மூடியிருக்கும்போது தண்ணீர் நிற்கும் மட்டம் வேறு, திறந்தால் வேறு. வல்லை வெளியை மாரியிலும் பங்குனியிலும் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

யாருடைய எல்லைக்குள் நிற்கிறீர்கள்?

நடந்த கோட்டை வரைபடத்தில் போட்டுக்கொண்டு, வனஜீவராசிகள் திணைக்களம், வனத் திணைக்களம், கரையோரம் பேணல் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகார சபை ஆகிய நாலுக்கும் ஒரே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: 'இந்தக் கோடு உங்கள் எல்லைக்குள் வருகிறதா, வந்தால் எந்த வர்த்தமானிப்படி?' பதில் வராவிட்டால் கோபப்பட்டுப் பயனில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள், 14 வேலை நாட்களுக்குள் தருகிறோமா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டு பதில் இப்படித்தான் வந்தது.

'பாதுகாக்கப்பட்ட' என்ற சொல்லை எங்கள் சனம் ஒரு பொருளில் பாவிக்கிறது, சட்டம் பல பொருளில் பாவிக்கிறது. சரணாலயம் என்றால் அதற்குள் தனியார் காணியும் இருக்கலாம். தேசியப் பூங்கா, இயற்கை ஒதுக்கம் போன்றவை தேசிய ஒதுக்கங்கள், அங்கே கட்டுப்பாடு பல மடங்கு இறுக்கம். சுண்டிக்குளம் 1938இல் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2015இல் தேசியப் பூங்காவாகிவிட்டது. அதே வருடம் நெடுந்தீவிலும் ஒரு தேசியப் பூங்கா வந்தது. வடமராட்சி கிழக்கில் இருப்பவர்கள் கவனமாக வாசிக்க வேண்டியது, வனவிலங்கு மற்றும் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 9அ பிரிவை. 1993ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. தேசிய ஒதுக்கத்துக்குள் மட்டுமல்ல, அதன் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் எந்த அபிவிருத்தி வேலை செய்வதானாலும் வனஜீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்துமூல முன்னனுமதி வேண்டும். ஒரு மைல் என்றால் 1.6 கிலோமீட்டர், கட்டைக்காட்டுப் பக்கம் அது எவ்வளவு பெரிய தூரம் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரியும். பூங்காவுக்குள்ளேயே புது ரோட்டு என்றால் என்னுடைய ஆலோசனை, அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள். வில்பத்துக்குள்ளால் போகும் எலுவன்குளம் – மறிச்சுக்கட்டி வீதி பற்றி 2010இல் உயர் நீதிமன்றத்துக்கு வழக்குப் போய் வருடக்கணக்கில் இழுபட்டது. அது அரசாங்கமே போட்ட ரோட்டு.

ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கை பற்றியும் ஒரு வரி, ஏனென்றால் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் அதைத் தூக்குவார். இலங்கையில் ராம்சார் தலங்கள் 6, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கிட்ட இருப்பது மன்னார் வங்காலை, 2010இல் அறிவித்தது. ராம்சார் இல்லை என்பதால் உங்கள் தரவைக்குச் சட்டம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கரையோர அனுமதி

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீட்டர், சராசரி தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கமாக 2 கிலோமீட்டர் வரை கரையோர வலயம். இதை எல்லோரும் சொல்லுவார்கள். பலர் தவறவிடுவது அடுத்த பகுதியை. கடலோடு நிரந்தரமாகவோ இடைக்கிடையோ தொடுக்கும் ஆறு, நீரேரி, வேறு எந்த நீர்நிலையாக இருந்தாலும், அதன் வாயின் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து செங்குத்தாக 2 கிலோமீட்டர் உள்ளே வரைக்கும் எல்லை நீளும், அந்தத் தண்ணீரும் வலயத்துக்குள் அடக்கம். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் நீர்நிலையின் ஓரமாக மேலும் 100 மீட்டரைச் சேர்த்தது. 'கடல் எங்கே, நாங்கள் எங்கே' என்று எங்கள் தலைவர் சொன்னதும் இந்த இடத்தில்தான் பிழைத்தது.

வலயத்துக்குள் அனுமதி இல்லாமல் அபிவிருத்தி வேலை செய்யக்கூடாது. சிறு அனுமதிகள் சிலவற்றைப் பிரதேச செயலாளரே கொடுக்கலாம், ஆனால் ஈரநிலத்துக்குள்ளால் போகும் ரோட்டு அந்தக் கணக்கில் வராது, கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்துக்கே போக வேண்டும். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, சுற்றாடல் தாக்க மதிப்பீடு, அதாவது ஈ.ஐ.ஏ. வேண்டுமா இல்லையா என்று தீர்மானிப்பது அவர்களின் கையில். வேண்டுமென்றால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்க்க 30 நாள் வைக்க வேண்டும், ஆலோசனைச் சபைக்கும் அனுப்புவார்கள். கரையோர முகாமைத்துவத் திட்டத்துடன் ஒத்துப்போகாத எதற்கும் அனுமதி இல்லை, ஆகவே அந்தத் திட்டத்தில் உங்கள் கரைத்துண்டுக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலே வாசித்துவிட்டுப் போங்கள்.

சுற்றாடல் சட்டமும் பரப்புக் கணக்கும்

தேசிய சுற்றாடல் சட்டம் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கம், அதில் திட்ட அனுமதிக்கான பகுதி 1988இல் சேர்ந்தது. எந்தெந்தத் திட்டத்துக்கு அனுமதி வேண்டும் என்ற பட்டியல் 1993 ஜூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் இருக்கிறது. கரையோர வலயத்துக்கு வெளியே 10 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தேசிய, மாகாண நெடுஞ்சாலை, 4 ஹெக்டேயருக்கு மேற்பட்ட ஈரநில நிரப்பல், 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பாவனைக்கு மாற்றுதல் எல்லாம் அதில் வரும்.

'எங்களுடையது 1.4 கிலோமீட்டர்தானே' என்று நாங்களும் சந்தோசப்பட்டோம். பொறுங்கள், கணக்கைப் பாருங்கள். ரோட்டின் மேல்முகம் 6 மீட்டர், மண்ணணை உயரம் 1.5 மீட்டர், இரண்டு பக்கமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் விரிவு) என்றால் அடியில் பிடிக்கும் அகலம் 12 மீட்டர். 1.4 கிலோமீட்டருக்கு அது 16,800 சதுர மீட்டர், எங்கள் ஊர் நில அளவில் கிட்டத்தட்ட 66 பரப்பு. 4 ஹெக்டேயர் என்பது ஏறக்குறைய 158 பரப்பு, ஆகவே அந்த அளவை எட்ட இதே அகலத்தில் 3.3 கிலோமீட்டர் தேவை. நாங்கள் அதற்குள் இல்லை. ஆனால் கண்டல் காடு என்று வனத் திணைக்களம் சொல்லும் இடத்தில் 833 மீட்டர் போனாலே 1 ஹெக்டேயர் முடிந்துவிடும். அதைவிட, அதே வர்த்தமானியின் மூன்றாம் பகுதி இன்னொரு குண்டு: சரணாலயத்துக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள்ளோ, அல்லது அதில் சொல்லியிருக்கும், எளிதில் பாதிக்கப்படும் வேறு இடங்களிலோ வந்தால், மேலே சொன்ன முதற் பகுதிப் பட்டியலில் உள்ள வேலைகளுக்கு அளவுக் கணக்கே கிடையாது, கரையோர வலயமா இல்லையா என்றும் பார்க்க மாட்டார்கள். 'இது நெடுஞ்சாலை இல்லை, பிரதேச சபை ரோட்டு' என்று வாதாடலாம். அப்போது ஈரநிலத்தை நிரப்புகிறீர்கள் என்ற வரி வந்து பிடிக்கும்.

நடைமுறை இப்படி. அடிப்படைத் தகவல் வினாக்கொத்தை நிரப்பி மத்திய சுற்றாடல் அதிகார சபையில் கொடுக்க வேண்டும். எந்த நிறுவனம் அனுமதியளிக்கும் நிறுவனம் என்பது தீர்மானமாகும், திட்டத்தைச் செய்பவரே அதற்கு அனுமதியளிப்பவராக இருக்க முடியாது. பிறகு ஆய்வு எல்லையைத் தீர்மானிக்கும் கூட்டம், அதன் முடிவில் ஐ.ஈ.ஈ. எனும் ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை போதுமா, முழு ஈ.ஐ.ஏ. வேண்டுமா என்று சொல்லி, என்னென்ன ஆராய வேண்டும் என்ற பட்டியலைத் தருவார்கள். ஈ.ஐ.ஏ. என்றால் 30 வேலை நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும், ஐ.ஈ.ஈ.க்கு அது கட்டாயமில்லை. அந்தக் கூட்டத்துக்குப் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு ஊரில் ஒருவரும் போக வழி பாருங்கள். நாங்கள் மாரியில் எடுத்த போட்டோவைக் காட்டியது அங்கேதான், மூன்று மதகு போதும் என்று வரைபடத்தில் இருந்ததை அங்கிருந்த பொறியியலாளர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பேனாவால் வெட்டினார்.

சின்னக் கடிதங்கள், பெரிய தாமதம்

0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தில் வேலை என்றால் தொல்லியல் திணைக்களத்தின் தாக்க மதிப்பீட்டு விதி இருக்கிறது, 2000ஆம் ஆண்டில் வந்தது. எங்கள் 12 மீட்டர் அகலத்துக்கு 208 மீட்டர் போனாலே அந்த அளவு வந்துவிடும், 10 பரப்புக் கூட இல்லை. கோடு வயலைத் தொட்டால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நெற்காணியை நிரப்ப ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். தடுப்பணை, வெள்ளவாய்க்கால் பக்கம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். வலைபாடு இருந்தால் கடற்றொழில் திணைக்களம். கடற்கரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் என்றால் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் கேட்டுவிடுங்கள். கிரவல் எங்கிருந்து வருகிறது என்று கொந்தராத்துக்காரரிடம் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், தரவையின் ஓரத்தை வெட்டி அதே தரவைக்குள் கொட்டும் பழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் வயது போய்விடும். எல்லோருக்கும் ஒரே நாளில், ஒரே வரைபடத்துடன், அனுப்பியதன் பிரதியை மற்றவர்களுக்கும் போட்டு எழுதுங்கள். வரைபடத்தில் திருத்தம் வந்தால் திகதியை மாற்றி எல்லோருக்கும் மறுபடி அனுப்புங்கள், ஒரு கந்தோரில் பழைய கோடும் இன்னொன்றில் புதுக் கோடும் இருந்ததால் மட்டும் நாங்கள் நாலு மாதம் இழந்தோம்.

அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்

அறிக்கையை எழுதுவது ஆலோசகர்கள், செலவு திட்டக்காரருடையது. ஆனால் ஊர் பார்க்க வேண்டிய இடங்கள் சில. பறவைக் கணக்கெடுப்பு எந்த மாதம் நடந்தது? வரத்துப் பறவைகள் ஐப்பசிக்குப் பிறகு வந்து பங்குனியளவில் போய்விடும், வைகாசியில் போய் எண்ணிவிட்டு 'குறிப்பிடத்தக்க பறவைகள் இல்லை' என்று எழுதினால் அறிக்கை திரும்பி வரும், வராவிட்டாலும் வழக்கில் நிற்காது. மாற்றுப்பாதைகள் என்ற அத்தியாயத்தில் உண்மையான மாற்றுப்பாதை இருக்கிறதா, அல்லது ஒப்புக்கு ஒரு கோடு கீறியிருக்கிறார்களா? மதகுகளின் அடிமட்டம் தரவையின் மட்டத்தோடு இருக்கிறதா? உயர்த்தி வைத்த மதகு வெள்ளத்துக்கு வேலை செய்யும், இறால் குஞ்சுக்குச் செய்யாது.

யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பண்ணை, வேலணை – புங்குடுதீவு, காரைநகர், நாவற்குழி என்று எத்தனை தாம்போதிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். மண்ணைக் கொட்டி அணை கட்டி, நடுவில் சில வாய்களை மட்டும் விட்டதால் தண்ணீர் மாறும் வேகம் குறைந்தது, அதைச் சொல்லக் கடலுக்குப் போகிறவர்கள் போதும். சங்குப்பிட்டியில் 2011இல் திறந்தது 288 மீட்டர் பாலம். பாலத்துக்குக் காசு கூட, ஆனால் ஈரநிலத்தில் அது வெட்டும் இடம் தூண் நிற்கும் இடம் மட்டும்.

நட்டஈடாகக் கண்டல் நடுகிறோம் என்று அறிக்கையில் இருந்தால் எங்கே என்று கேளுங்கள். முன்பு கண்டல் இல்லாத சேற்று வெளியில் கன்று நட்டால் கன்றும் சாகும், பறவை மேயும் இடமும் போகும். சுனாமிக்குப் பிறகு நாட்டில் நட்ட கண்டலில் பெரும்பகுதி பிழைக்கவில்லை.

சனத்திடம் பேசும்போது

ஈ.ஐ.ஏ. அறிவித்தல் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் வரும். பத்திரிகைத் துண்டை வெட்டி கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்திலும் கோயில் வாசலிலும் ஒட்டுங்கள், வட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்று இருந்துவிடாதீர்கள், கரைவலைக்காரர் பலர் அந்தக் குழுவில் இல்லை. தமிழ் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எதிர்ப்பவர்களின் கடிதத்துக்கும் பதில் எழுத வேண்டியது திட்டக்காரர்தான், அதை ஒளிக்க முயற்சி செய்தால் பிறகு நீதிமன்றத்தில் முதலில் வெளியே வருவது அந்தக் கடிதமாகத்தான் இருக்கும். அனுமதி மறுக்கப்பட்டால் அந்தச் சட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளருக்கு மேன்முறையீடு செய்யலாம்.

எங்கள் கதையில், கோட்டை மாற்றினோம். தரவைக்கு நடுவால் போன 1.4 கிலோமீட்டரை விட்டுவிட்டு வயலோரப் பழைய வண்டிப் பாதையைப் பிடித்தோம், 600 மீட்டர் கூட. ஈரநிலத்தைத் தொடுவது 180 மீட்டர் மட்டும், அதில் பெட்டி மதகு வரிசை. தொல்லியல் கடிதம் தேவைப்பட்டது, கமநலக் கடிதம் புதிதாகச் சேர்ந்தது, ஆனால் கண்டலும் வனத் திணைக்களமும் கதையிலிருந்து போய்விட்டன. கொஞ்சப் பேருக்கு இன்னும் மனவருத்தம், காரணம் புது ரோட்டு அவர்களின் காணி வாசலால் போகவில்லை.

அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் பின்பக்கத்தில் இருக்கும் நிபந்தனைகளைத்தான் முதலில் வாசிக்க வேண்டும்: எந்த மாதத்தில் வேலை செய்யலாம், மண் எங்கே குவிக்கலாம், எப்போது காலாவதி. அதைத் தமிழில் பெரிய எழுத்தில் அடித்து, லமினேட் பண்ணி, கொந்தராத்துக்காரரின் கொட்டிலில் தொங்கவிடுங்கள், டிப்பர் ஓட்டுகிற பொடியன்கள் வாசிக்கிற உயரத்தில். பிறகு முதல் மழைக்கு, அந்த வலைப் பெரியவரையும் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு மதகு வாயிலும் ஒரு சுள்ளியைப் போட்டுப் பாருங்கள்.